பத்தாவது நிமிடம் யாருடையது

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

கொசு எழுதுவது. போன மாதச் சளி ஒருவழியாகப் போய்விட்டது, குரல் மட்டும் இன்னும் தவளை மாதிரி இருக்கிறது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் கேட்க வேண்டியதை ஏன் காகிதத்தில் கேட்கிறாள் என்று யோசிப்பீர்கள். சதுர அடைப்பையும் இரட்டைப் புள்ளியையும் போனில் எப்படிச் சொல்வது? நேற்று பக்கத்து மேஜைக்காரியிடம் சொல்லிப் பார்த்தேன். "என்னடி, மூஞ்சி பொம்மை ஏதாவது வரையறியா?" என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். நீங்கள் உருவாக்கிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் மொழியின் வெள்ளோட்டப் பதிப்பு எங்கள் தூக்க ஆய்வகத்துக்கும் வந்திருக்கிறது அல்லவா? எங்கள் ரிப்போர்ட்காரர் இப்போது அதில்தான் எல்லா அறிக்கையையும் போடுகிறார். சோதனைக்கு வருகிறவர் இங்கே வந்து படுத்துத் தூங்குவார். மூக்கில் ஒரு குழாயைச் செருகி, நெஞ்சில் பட்டை கட்டி விடுவது என் வேலை. ஒவ்வொரு நிமிடத்திலும் மூச்சு எத்தனை முறை நின்றது என்று மெஷின் வரிசையாக எழுதிக்கொண்டே போகும். அந்த நீள வரிசையைப் பத்துப் பத்து நிமிடத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் கூட்டி, பக்கத்துக்கு ஒன்றாகப் போடுவது ரிப்போர்ட்காரரின் வேலை.

ஒரு அறிக்கையை நான் கையால் கூட்டிப் பார்த்தேன். வேலை மெனக்கெட்டு ஏன் பார்த்தாய் என்று கேட்காதீர்கள், பார்த்தேன். [0:10] என்று கேட்ட துண்டில் பதினொரு எண்கள் இருக்கின்றன. அடுத்த துண்டு [10:20]. அதிலும் பதினொன்று. 10 என்ற இடத்தில் இருக்கும் எண் இரண்டிலும் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. இது உங்கள் மொழியின் பிழையா, எங்கள் ஆளின் பிழையா, இல்லை எனக்குத்தான் எண்ணத் தெரியவில்லையா?

அண்ணனின் பஸ் எங்கள் ஊரில்தானே வந்து திரும்புகிறது, அவன் கையில் கொடுத்தனுப்பலாம் என்று நினைத்தேன். கொடுத்தால் சட்டைப் பையோடு சேர்த்துத் துவைத்துவிடுவான். அவன் எப்படி இருக்கிறான்? சும்மாதான் கேட்டேன்.

உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
கொசு

பிப்ரவரி 17

அன்புள்ள கொசுவுக்கு,

தவளைக் குரலில் பாடும் கொசு என்று ஒரு ஜந்து இருப்பதே இன்றுதான் தெரிந்தது. வெந்நீர் குடி. இங்கே முதுகுவலியைத் தவிர எல்லாம் சௌக்கியம். அதுவும் நாற்காலியின் குற்றம்.

உனக்கு நன்றாக எண்ணத் தெரியும். மொழியும் சொன்னபடிதான் செய்கிறது. உங்கள் ரிப்போர்ட்காரர் வேறு மொழியில் பழகியவராக இருப்பார். அங்கே 0 முதல் 10 என்று கேட்டால் 10-க்கு முன்னாலேயே நின்றுவிடும், கடைசி எண் வராது. என் மொழியில் கடைசியும் சேர்ந்து வரும். அப்படி வைத்தது நான்தான். ஆய்வகத்துக்காரர்கள் "ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் குடுங்க" என்றால் பத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். மனிதர் பேசுகிற மாதிரியே இருக்கட்டுமே என்று பெருந்தன்மையாக நினைத்துவிட்டேன்.

ஆனால் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது இடிக்கிறது. உன் அண்ணன் பஸ்ஸையே எடுத்துக்கொள். ஒரு ஓட்டுநர் தொடக்கத்திலிருந்து பத்தாவது நிறுத்தம் வரை, இன்னொருவர் பத்திலிருந்து இருபது வரை. பத்தாவது நிறுத்தத்தில் ஏறியவர்களை யார் கணக்கில் எழுதுவது? இரண்டு பேரும் எழுதினால் இல்லாத ஆட்களெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்துவிடுவார்கள். கடைசியை விட்டுவிடுகிற முறையில் இந்தத் தொல்லை கிடையாது. ஒரு துண்டு முடிகிற எண்ணில் அடுத்தது தொடங்கும். இருபதில் பத்தைக் கழித்தால் துண்டின் நீளம் வந்துவிடும். எண்களை நிமிடங்களின் பெயராக நினைக்காதே, இரண்டு நிமிடங்களுக்கு இடையில் கத்தரி வைக்கிற இடமாக நினைத்துக்கொள். அப்போது எல்லாம் ஒழுங்காக வரும். ஆனால் புதிதாகப் படிக்க வருகிறவரிடம் "பத்து வரைக்கும்னா பத்து வராது" என்று சொல்லிப் பார். உன்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

எங்கள் கமிட்டியில் ஐந்து பேர். மே மாதத்துக்குள் இதையெல்லாம் முடிவு செய்து மொழியைப் பூட்டிவிட வேண்டும். அப்புறம் யார் வந்து அழுதாலும் மாற்ற முடியாது. அதனால் நீ இன்னும் நோண்டிக்கொண்டே இரு, எனக்கு உபயோகம்.

உன் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். பஸ்ஸின் என்ஜினைப் பணிமனையில் பிரித்துப் போட்டிருக்கிறார்களாம். பொழுது போகாமல் ஜன்னலுக்கு இரண்டாவது முறை பெயின்ட் அடிக்கிறார். காய்ந்ததா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து, கம்பி முழுக்க அவர் விரல்ரேகை. ஆமாம், எதற்குச் சும்மா கேட்டாய்?

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. குரலும் திரும்பிவிட்டது. உங்கள் நாற்காலிக்கு ஒரு தலையணை வாங்கிக் கட்டுங்கள்.

கத்தரி வைக்கிற இடம் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ரிப்போர்ட்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நான் முந்தி வேலை பாத்த எடத்துல கடைசி நம்பர் வரவே வராதும்மா" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். ஆக, இரண்டு தடவை எண்ணப்பட்ட நிமிடங்களையெல்லாம் அறிக்கையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்தோம்.

நான் கூட்டிப் பார்த்த அறிக்கை யாருடையது என்று சொல்லிவிடுகிறேன், அதாவது சொல்லக்கூடிய அளவுக்கு. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள். அவரும் அப்படித்தான். தூக்கத்தில் மணிக்குப் பதினைந்து தடவைக்கு மேல் மூச்சு நின்றால் பயணிகளோடு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்பது இங்கே போட்டிருக்கும் விதி. அப்படி மூச்சு நிற்கிறவர்களுக்குப் பகலில் கண் திறந்தபடியே தூக்கம் வந்துவிடும், அதனால். அவருக்குப் பதினாறு என்று வந்திருந்தது. வேலையை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் சொல்ல மனம் வராமல் ஏதோ சாக்குச் சொல்லி வைத்திருக்கிறார். இப்போது திருத்திக் கூட்டினால் பதினாலரை. கோட்டுக்குக் கீழே. அதுவும் கடைசி ஒரு மணி நேரம் பூராவும் பூஜ்யம், குழந்தை மாதிரி தூங்கியிருக்கிறார். டாக்டர் புது அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். உங்கள் இரட்டைப் புள்ளியால் ஒரு மனிதனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

இப்போது அடுத்த சந்தேகம். வரிசையில் நூறு எண்தான் இருக்கிறது, நான் நூற்றிருபது வரை கேட்கிறேன் என்று வையுங்கள். உங்கள் மொழி என்ன செய்யும்?

என்றும் உங்கள்,
கொசு

மார்ச் 12

அன்புள்ள கொசுவுக்கு,

தலையணை கட்டியாயிற்று. இப்போது நாற்காலியில் உட்கார்ந்தால் மேஜை கீழே இருக்கிறது. வலி முதுகிலிருந்து கழுத்துக்கு மாறியிருக்கிறது. நீ நலமாக இரு.

உன் ஓட்டுநரைப் பற்றிக் கமிட்டியில் சொன்னேன். பெயர் தெரியாத அந்த மனிதருக்காக ஐந்து பேரும் மற்றதை ஒதுக்கிவிட்டு இதையே முதலில் எடுத்தோம். கடைசி எண்ணை விட்டுவிடும் முறைக்கே மாறுவதென்று முடிவாகிவிட்டது. எங்களில் ஒருவர் கட்டை குட்டையாக, எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பார். முரடர் என்றுதான் அவருக்குப் பெயர். அவரே ஒத்துக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்.

உன் அடுத்த கேள்விதான் இப்போது எங்கள் சண்டை. இல்லாததைக் கேட்டால் மூன்று வழி உண்டு. இருக்கிற வரைக்கும் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கலாம். வெறும் துண்டைக் கையில் கொடுக்கலாம். அல்லது "அவ்வளவு இல்லை" என்று கூவி, வேலையையே நிறுத்திவிடலாம். வெள்ளோட்டப் பதிப்பில் நான் முதல் இரண்டையும் வைத்திருக்கிறேன். பாதி இருந்தால் பாதி வரும், ஒன்றுமே இல்லையென்றால் வெறும் துண்டு வரும். எனக்கு அதுதான் பிடிக்கும். கேட்டவரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தாது, புரோகிராம் நடுவழியில் நிற்காது. முரடர் மேஜையைத் தட்டுகிறார். "நிக்கணும்மா, நின்னாத்தான் தெரியும்" என்கிறார்.

பஸ் சரியாகிவிட்டது. உன் அண்ணன் பத்து நாளாகக் குளிக்கும்போது பாடுகிறார். போன வாரம் எனக்கு ஒரு குடை வாங்கிக்கொண்டு வந்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஏன் என்று கேட்டால், "சும்மா, தோணுச்சு" என்கிறார். அண்ணனும் தங்கையும் எதைக் கேட்டாலும் சும்மா.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். கழுத்துவலிக்கு என்ன செய்கிறீர்கள்?

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். வெறும் துண்டு வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். வெறும் துண்டைக் கூட்டினால் பூஜ்யம்தானே வரும்? அப்படியானால் அறிக்கையில் பூஜ்யம் என்று நான் பார்க்கும்போது, மூச்சு ஒரு தடவைகூட நிற்கவில்லை என்று அர்த்தமா, அந்த நேரத்தில் மெஷின் ஒன்றுமே எழுதவில்லை என்று அர்த்தமா? இரண்டும் காகிதத்தில் ஒரே மாதிரி இருக்குமே.

ரிப்போர்ட்காரர் அவர் மகள் பிரசவத்துக்கு லீவில் போயிருக்கிறார். மூலப் பதிவைத் திறந்து பார்க்க எனக்கு வழி தெரியவில்லை. அதனால் அந்த ஒரு பதிவை மட்டும் சின்ன மெமரி கார்டில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். டாக்டரிடம் கேட்டுவிட்டேன். பெயர், வயது எதுவும் கிடையாது, வெறும் எண்கள். மூச்சு நின்ற கணக்கு ஒரு வரிசை, அறையில் கேட்ட சத்தத்தின் அளவு இன்னொரு வரிசை. முரடர் சொல்கிற மாதிரி கூவுகிற பதிப்பு ஒன்று செய்து, அதில் ஓட்டிப் பார்க்க முடியுமா?

அண்ணன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? பகலில் அசதியாக இருக்கிறானா?

கொசு

ஏப்ரல் 9

அன்புள்ள கொசுவுக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. கமிட்டியில் மைனஸ் எண் என்ற பூதம் கிளம்பியிருக்கிறது. கடைசியிலிருந்து மூன்று வேண்டுமென்றால் -3 என்று கேட்கலாம் என்று வைத்திருந்தோம். கேட்க வசதியாகத்தான் இருந்தது. ஒருவர் ஏதோ கழித்தல் கணக்கில் தப்பு செய்து, தெரியாமல் மைனஸ் போய்விட, மொழி சமர்த்தாக வரிசையின் வாலைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. அவருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது மைனஸை எடுத்துவிட்டு, கடைசியிலிருந்து எண்ணுவதற்குத் தனிச்சொல் ஒன்று வைக்கலாமா என்று பேச்சு. எழுதும்போது இரண்டு எழுத்து மிச்சமானால் படிக்கும்போது இரண்டு நாள் செலவாகிறது. இதில் எது லாபம் என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.

உன் கேள்வி நியாயமானது. இல்லாததும் பூஜ்யமும் ஒன்றில்லை. கார்டு பத்திரமாக இருக்கிறது, இன்னும் ஓட்டவில்லை.

உன் அண்ணன் நன்றாகச் சாப்பிடுகிறார். போன திங்கட்கிழமை பணிமனை வாசல் தூணில் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியை உரசிவிட்டாராம். வெயில் கண்ணில் அடித்ததாம். இத்தனை வருடத்தில் ஒரு கீறல் போட்டதில்லை என்று அவருக்கே வெட்கம். அசதியா என்று ஏன் கேட்டாய்?

அன்புடன்,
அண்ணி

ஏப்ரல் 15

அண்ணி,

நலம். இதைக் கூரியரில் அனுப்புகிறேன். அந்தக் கார்டை இன்றே ஓட்டிப் பாருங்கள். உங்கள் போன் கமிட்டி அறையில் அணைந்தே கிடக்கிறது. வீட்டுக்கு அடித்தால் அண்ணன்தான் எடுத்தான். மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

நான் கேட்டதாக அவனிடம் சொல்ல வேண்டாம்.

கொசு

ஏப்ரல் 21

கொசு,

நீ நன்றாக இரு. நான் நன்றாக இல்லை, ஆனால் எழுதுகிறேன்.

உன் கூரியர் வந்த அன்றே அலுவலகத்தில் கார்டைப் போட்டேன். முரடரின் பதிப்பில் ஓட்டினேன். ஆறு மணி நேரம் வரைக்கும் துண்டு துண்டாக ஒழுங்காக வந்தது. அதற்கப்புறம் நின்றுவிட்டது. 360-லிருந்து 370 வரை கேட்கிறாய், வரிசையே 360-ல் முடிந்துவிட்டது என்று திரையில் எழுதிற்று. சத்தத்தின் வரிசையோ ஏழு மணி நேரமும் இருக்கிறது. புரண்டு படுத்தபோது மூக்குக் குழாய் கழன்றிருக்க வேண்டும். நீ குழந்தைத் தூக்கம் என்று எழுதிய அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் மூச்சை யாரும் அளக்கவே இல்லை. என் மொழி ஆறு வெறும் துண்டுகளை நீட்டியிருக்கிறது, உங்கள் ஆள் அதை ஆறு பூஜ்யமாகக் கூட்டியிருக்கிறார், அப்புறம் ஏழால் வகுத்திருக்கிறார். ஆறால் வகுத்தால் பதினேழு. முதலில் வந்த பதினாறு, ஒரு பிழை ஏற்றிவிட்டு இன்னொரு பிழை இறக்கிவிட்டு வந்த எண். நாம் ஒரு பிழையை மட்டும் திருத்தி அந்த மனிதரை ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்.

குழாய் கழன்றதைச் சரிபார்க்கத்தான் சத்தத்தின் வரிசையை வரைந்து பார்த்தேன். மூன்று நெடிய மேடு. ஒரு சின்ன மேடு. அப்புறம் வெட்டவெளி. அப்புறம் திடீரென்று ஒரு உச்சி, தண்ணீரிலிருந்து எழுகிற மாதிரி. மறுபடியும் மூன்று மேடு.

ஒன்பது வருடமாக அந்தக் குறட்டையின் பக்கத்தில் படுக்கிறேன், எனக்குத் தெரியாதா? அந்த வெட்டவெளி வரும்போதுதான், அப்பாடா குறட்டை நின்றது என்று நான் அவசர அவசரமாகத் தூங்கப் பார்ப்பேன். அவர் மூச்சு நிற்கிற நேரம் அது. அந்த நேரத்துக்காக நான் காத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறேன். திரையைப் பார்த்துக்கொண்டு அலுவலகத்திலேயே அழுதேன். முரடர் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அந்தப் படத்தை ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். மூன்று மணி வண்டி. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் ஓட்டுநர் பக்கப் படியில் ஒரு காலை வைத்திருந்தார்.

"நீ இங்க என்ன பண்ற?" என்றார்.

தாளைக் கொடுத்தேன். பார்த்தார். அவருக்கு வரைபடம் புரியாது, என் முகம் புரிந்தது.

"கொசு சொல்லிட்டாளா?"

"அவ வாயே தெறக்கல. ஒரு மணி நேரம் மெஷின்ல ஒண்ணும் எழுதலை, அதான் சொல்லுச்சு."

"பதினாலரைன்னு கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்கு."

"பதினேழுங்க."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "வண்டி இல்லன்னா நான் யாரு? ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கிறவன்" என்றார். அந்தக் குடையைத்தான் கையில் வைத்திருந்தேன், வெயிலுக்கு விரித்து இரண்டு பேருக்குமாகப் பிடித்தேன். உள்ளே இருந்தவர்கள் எப்போது எடுப்பீர்கள் என்று சத்தம் போட ஆரம்பித்தார்கள். அவர் போய் நேரக்காப்பாளர் மேஜையில் சாவியை வைத்துவிட்டு வந்தார். பயணிகள் எங்கள் இரண்டு பேரையும் நன்றாகத் திட்டினார்கள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இப்போதைக்கு அதை எழுத வரவில்லை.

அண்ணி

ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கொஞ்சமாவது தூங்கினீர்களா என்று முதலில் கேட்கிறேன்.

ஜனவரியில் அவன் பஸ்ஸை இங்கே நிறுத்திவிட்டு வந்தபோது, டீக்கடை பெஞ்சில் என்னோடு பேசிக்கொண்டே பாதி வாக்கியத்தில் தூங்கினான். நான்தான் இழுத்துக்கொண்டு போய்ப் படுக்க வைத்துச் சோதித்தேன். "உன் அண்ணிகிட்ட சொன்னே, இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்றான். எனக்கு அவன் ஒருத்தன்தானே. பதினாறு என்று வந்தபோது அந்த எண் தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் கையால் கூட்டினேன். தப்பு கிடைத்ததும் சந்தோஷத்தில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் தேடவில்லை. மார்ச்சில் உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தப் பூஜ்யங்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அப்போதே கூப்பிட்டு அவன்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். கார்டை அனுப்பினேன், நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று. அது கோழைத்தனம், அண்ணி.

டாக்டர் அறிக்கையைத் திருத்திவிட்டார். இந்த முறையில் போட்ட மற்ற அறிக்கைகளையும் எடுத்து மறுபடி பார்க்கிறோம். முகமூடி மாதிரி ஒரு கருவி தருவார்கள், அதைப் போட்டுத் தூங்கினால் மூச்சு நிற்காது. ஒரு மாதம் கழித்து மறு சோதனை.

அண்ணன் என் போனை எடுப்பதில்லை. நீங்கள் திட்டியாவது எழுதுங்கள்.

கொசு

மே 20

அன்புள்ள கொசுவுக்கு,

கழுத்தும் முதுகும் ஒருசேரத் தேவலை. அலுவலகத்தில் வேறு நாற்காலி கேட்டு வாங்கிவிட்டேன். நீ சாப்பிடாமல் இளைத்துக் கிடக்காதே, அண்ணன் கோபம் வடிந்துகொண்டிருக்கிறது.

என் கோபத்தை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு நாள் ஆறப்போட்டேன். அவர் சொல்லாதே என்றால் நீ சொல்ல மாட்டாய், அது உன் குணம். அடுத்த முறை அவருக்கு ஒன்று என்றால், எனக்குத்தான் முதலில். இவ்வளவுதான் என் திட்டு.

மொழியைப் பூட்டியாயிற்று. வாக்கெடுப்பில் நான் முரடர் பக்கம் கை தூக்கினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாதாரணமாகத் துண்டு கேட்டால், இல்லாததைக் கேட்கும்போது மொழி கூவி நிற்கும். இருக்கிற வரைக்கும் போதும் என்பவர் அதற்கென்று ஒரு சொல்லை வாயைத் திறந்து எழுத வேண்டும். எழுதுகிறவருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலைதான். புகார்க் கடிதங்கள் இப்போதே வர ஆரம்பித்துவிட்டன. ஒருவர் என்னைச் சிடுமூஞ்சி என்று எழுதியிருக்கிறார்.

உன் அண்ணனை நிலையத்தில் வண்டி நேரம் அறிவிக்க உட்கார வைத்திருக்கிறார்கள். முகமூடி போட்ட முதல் நாள் அறை அவ்வளவு நிசப்தமாக இருந்தது, நான்தான் தூங்கவில்லை. மறு சோதனைக்கு ஜூன் பிறந்ததும் அங்கே வருகிறார், பயணியாக. பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி

ஜூன் 8

அன்புள்ள கொசு,

அண்ணன் எழுதுவது. நான் எழுதும் முதல் கடிதம் என்பதால் உன் அண்ணி தள்ளி நின்று சிரிக்கிறாள். பிழை இருந்தாலும் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நீ நலமா? வீடு வந்து சேர்ந்தேன், உடம்பு தேவலை. முகமூடியில் என்னைப் பார்த்தால் தும்பிக்கை முளைத்த மாதிரி இருக்கிறது. பகலில் இவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்பதையே மறந்துபோயிருந்தேன்.

உன் டாக்டரின் காகிதம் வந்தது. மணிக்கு நாலு தடவைதான். ஜூலையிலிருந்து வண்டி எடுக்கலாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். போனை எடுக்காமல் இருந்ததற்கு நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. உன் வீட்டில் நாலு நாள் உட்கார்ந்திருந்தும் ஒன்றைச் சொல்ல வரவில்லை. உன் அண்ணியிடமும் இன்றுதான் சொன்னேன். அவள்தான் எழுது என்றாள்.

சோதனைக்கு அங்கே வரும்போது என் பஸ்ஸிலேயே வந்தேன். முன் சீட்டு. எனக்குப் பதிலாக ஓட்டுகிறவர் சின்ன வயசு, நல்ல கை. உங்கள் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஆற்றுப் பாலம் வரும். பாலம் எனக்குத் தெரியும். அதைத் தாண்டி வருகிற பெட்ரோல் பங்க்கும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ரோடு இடது பக்கம் வளைகிறது, வளைவில் மஞ்சள் மதில் வைத்து ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.

"இது எப்பக் கட்டுனாங்க?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து இருக்கேண்ணே. நீங்க தினம் தாண்டிப் போறதுதானே."

காலை மணி அடித்திருந்தார்கள். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தார்கள். அவர் பிரேக் போட்டு, எல்லோரும் கடந்து முடிக்கிற வரைக்கும் நின்றார். நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு நாளாவது நான் பிரேக் போட்டதாக எனக்கு நினைவில்லை.

உன் அண்ணன்